என் பெண்ணுக்குப் பந்து வரவில்லை!

அம்பத்தூரிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக் கொண்டிருக்கிறார், போடவில்லை. கடிதத்தின் சாரம் இது:

"என் பெண்ணுக்கு வயது 14. பள்ளிக்கூடக் கால்பந்துக் கோஷ்டியில் இடது ஓரத்தில் ஆடுகிறாள். ஞாயிற்றுக்கிழமை வந்தால் ஆவடியிலோ பூந்தமல்லியிலோ ஏதாவது ஒரு மைதானத்தில் பந்தயம். நானும் டிபன் டப்பாவும் தண்ணீர் பாட்டிலுமாகக் கூடவே போகிறேன். ஆட்டம் முழுக்க ஓடுகிறாள். பந்து மட்டும் அவளிடம் வருவதே இல்லை. நடுவில் ஆடும் ஒரு பெண்ணிடமே எல்லோரும் பந்தைக் கொடுக்கிறார்கள். 'பந்தே படாத காலுக்கு எதற்கு பூட்ஸ்? அடுத்த வருஷம் பத்தாம் வகுப்பு. நிறுத்தி விடு' என்கிறார் என் வீட்டுக்காரர். இவளும் இரண்டு வாரமாக முகத்தைத் தூக்கி வைத்துக் கொண்டிருக்கிறாள். நிறுத்தி விடலாமா?"

நிறுத்த வேண்டாம், சகோதரி. இந்த ஒரு வரியோடு பதிலை முடித்தால் உங்கள் வீட்டுக்காரர் ஒப்புக்கொள்ள மாட்டார். ஆகவே காரணத்தையும் சொல்லி விடுகிறேன். உங்கள் பெண்ணைப் போல ஓரத்தில் நின்று ஏங்குகிற பெண்கள் எத்தனையோ பேர். அவர்களுடைய தாய்மார்களும் இதைப் படிக்கட்டும்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. பெரியவர்கள் ஆடும் பந்தயம் 90 நிமிஷம். இரண்டு பக்கத்தையும் சேர்த்து 22 பேர். பந்தோ ஒன்றே ஒன்று. ஒரு விநாடிகூட வீணாகாமல் அது யாராவது ஒருவர் காலில் இருந்து கொண்டே இருக்கிறது என்று வைத்துக் கொண்டாலும், ஆளுக்குச் சராசரி நாலு நிமிஷம்தான் கிடைக்கும். வாஸ்தவத்தில் அவ்வளவுகூடக் கிடையாது. பந்து கோட்டுக்கு வெளியே போகிறது, ஆகாயத்தில் பறக்கிறது, விசில் ஊதினால் நிற்கிறது. ஆக, மிச்சமுள்ள 86 நிமிஷமும் பந்து இல்லாமல் ஆடவேண்டிய ஆட்டம். உலகத்திலேயே பெரிய ஆட்டக்காரருக்கும் இந்தக் கணக்குதான்.

கால்பந்து என்பது ஒரு கொடுக்கல் வாங்கல். கொடுக்கிறவளை எல்லோரும் பார்க்கிறோம், கை தட்டுகிறோம். வாங்குகிறவள் எங்கே நின்றாள், எப்போது கிளம்பினாள், எந்தக் காலை நீட்டினாள் என்பதைப் பார்ப்பதே இல்லை. ஆனால் வாங்க ஆள் இல்லாவிட்டால் கொடுக்கிறவளின் சாமர்த்தியம் எதற்கு ஆகும்? எதிராளியின் காலில் பந்தைக் கொடுத்து விட்டுத் தலையில் கை வைத்துக் கொள்ளத்தான் ஆகும்.

சரி, உங்கள் பெண்ணுக்கு ஏன் பந்து வரவில்லை?

சமீபத்தில் ஆவடிப் பக்கம் ஒரு மைதானத்தில் பெண்கள் பந்தயம் ஒன்றை வேலியோரம் நின்று பார்த்தேன். பந்து எங்கே போனாலும் ஏழெட்டுப் பெண்கள் அதன் பின்னாலேயே ஓடினார்கள். காலை வேளையில் அம்பத்தூர் ஸ்டேஷனுக்குள் நுழையும் மின்சார ரயிலைப் பார்த்திருப்பீர்கள். மாடிப்படி இறங்குகிற இடத்தில் நிற்கும் பெட்டியில் அத்தனை ஜனமும் ஏறும். கொஞ்சம் தள்ளிப் போனால் கடைசிப் பெட்டியில் நிற்கவாவது தாராளமாக இடம் இருக்கும். நடந்து போகத்தான் மனம் வராது. மைதானத்திலும் அதே கதை. நடுவில் மூச்சு முட்டுகிற கூட்டம்; ஓரங்களில் புல் சும்மா கிடக்கிறது.

இதற்கு முதல் காரணம், ஒரே பெண்ணை நம்புவது. கோஷ்டியில் கெட்டிக்காரி ஒருத்தி இருப்பாள். 'அவளிடம் கொடுத்தால் ஏதாவது செய்வாள்' என்று எல்லோரும் அவளிடமே தள்ளுவார்கள். முதல் பத்து நிமிஷம் அது பலிக்கும். பதினோராவது நிமிஷத்தில் எதிர்க் கோஷ்டிக்கும் அது தெரிந்து விடும். அவளுக்கு இரண்டு பேரைக் காவல் போட்டு விடுவார்கள். அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கிறவர்கள் யாரையாவது கேட்டுப் பாருங்கள். எல்லாச் சாமானும் ஒரே மெஷின் வழியாகத்தான் போக வேண்டும் என்று வைத்தால், அந்த மெஷின் நின்ற அன்று ஷெட் முழுவதும் நிற்கும்.

இங்கேதான் முக்கியமான சங்கதி இருக்கிறது. ஓரத்துப் பெண்ணுக்குப் பந்து கொடுப்பது அவளுக்குச் செய்யும் தருமம் அல்ல. அவளிடம் நாலு முறை பந்து போய், அவள் நாலு முறை முன்னேறி விட்டால், எதிராளி என்ன செய்வார்கள்? நடுவில் காவல் நின்ற இருவரில் ஒருத்தியை ஓரத்துக்கு அனுப்பியாக வேண்டும். அந்த நிமிஷமே நடுவிலிருக்கும் கெட்டிக்காரிக்குக் கை கால் கட்டு அவிழ்ந்து விடும். ஓரத்தில் ஒருத்தி பந்து வாங்கினால், வாங்காத மற்றவர்களுக்கும் இடம் பிறக்கிறது. ஒருத்தியையே நம்பும் கோஷ்டி அந்த ஒருத்தியையும் உபயோகமில்லாமல் ஆக்கி விடுகிறது.

இது நான் கற்பித்துச் சொல்லும் தத்துவம் அல்ல. 1953-ஆம் வருஷம் நவம்பர் 25-ஆம் தேதி லண்டன் வெம்பிளி மைதானத்தில் இங்கிலாந்தும் ஹங்கேரியும் மோதின. ஐரோப்பாக் கண்டத்திலிருந்து வந்த எந்தக் கோஷ்டியிடமும் சொந்த மண்ணில் அதுவரை தோற்றதில்லை என்ற கர்வம் இங்கிலாந்துக்கு இருந்தது. ஹங்கேரியின் 9-ஆம் நம்பர்க்காரர் ஹிடெகுட்டி. 9-ஆம் நம்பர் என்றால் அந்தக் காலத்தில் எதிராளியின் கோல் வாசலிலேயே நிற்கும் சென்டர் பார்வர்டு. இவரோ அங்கே நிற்காமல் பின்னுக்கு வந்து நடுக்களத்தில் பந்து வாங்கினார். அவரைக் காவல் காக்க வேண்டிய ஜான்ஸ்டனுக்குத் தர்மசங்கடம். கூடவே போனால் கோல் வாசல் திறந்து கிடக்கிறது. போகாமல் நின்றால் ஹிடெகுட்டி இஷ்டப்படி விளையாடுகிறார். கடைசியில் ஹங்கேரிக்கு 6, இங்கிலாந்துக்கு 3. ஹிடெகுட்டி மட்டும் மூன்று கோல். பந்து வாங்குகிறவர் நிற்கும் இடத்தை மாற்றியதால் ஒரு பெரிய கோட்டையே இடிந்தது.

நம் நாட்டிலும் அப்போது இந்த ரகசியம் தெரிந்தவர் ஒருவர் இருந்தார். ஹைதராபாத்தில் பள்ளி ஆசிரியராக இருந்த சையத் அப்துல் ரஹீம். அவர் பயிற்சி கொடுத்த இந்தியக் கோஷ்டி 1956-இல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலியாவை அதன் சொந்த மண்ணிலேயே 4-2 என்று தோற்கடித்து, முடிவில் நாலாவது இடம் பெற்றது. அந்த ஆட்டத்தில் நெவில் டிஸௌஸா மூன்று கோல் போட்டார். நாலாவதைக் கிட்டு போட்டார். 1962-இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் ரஹீம் இன்னொரு துணிச்சலான காரியம் செய்தார். தடுப்பு ஆட்டக்காரரான ஜர்னைல் சிங்குக்கு மண்டையில் அடிபட்டுத் தையல் போட்டிருந்தது. அவரை உட்கார வைக்காமல் முன்வரிசையில் நிறுத்தினார். அவர் அரையிறுதியிலும் கோல் போட்டார். தென் கொரியாவை 2-1 என்று வென்ற இறுதி ஆட்டத்திலும் கோல் போட்டார். நமக்குத் தங்கப் பதக்கம். எதிராளி எதிர்பார்க்காத ஆள் பந்து வாங்கினால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

ஆண்கள் கதை போதும் என்கிறீர்களா? 2025-ஆம் வருஷம் ஜூலை 5-ஆம் தேதி தாய்லாந்தின் சியாங் மாய் நகரில் நம் பெண்கள் தாய்லாந்தை 2-1 என்று வென்று, 2026 ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றார்கள். இரண்டு கோலையும் போட்டவர் சங்கீதா பாஸ்போர். அவர் முன்வரிசை ஆட்டக்காரர் அல்ல, நடுக்களத்துக்காரர்! முன்வரிசைக்காரிகளை எதிராளி கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக் கொண்டு பார்ப்பார்கள். பின்னாலிருந்து வருகிறவளை அப்படிப் பார்ப்பதில்லை.

ஆகவே, பயிற்சி கொடுக்கும் ஆசிரியர்களுக்கு என் முதல் விண்ணப்பம்: வாங்குகிற கால்களை அதிகப்படுத்துங்கள். அதற்கு எளிய உபாயங்கள் இருக்கின்றன. பயிற்சி ஆட்டத்தில், 'ஒருத்தி இரண்டு முறைக்கு மேல் பந்தைத் தொடக்கூடாது' என்று சட்டம் போடுங்கள். கெட்டிக்காரி தானே எல்லாவற்றையும் செய்ய முடியாமல் தோழியைத் தேடுவாள். 'இரண்டு ஓரத்துக்கும் ஒரு முறை போய் வந்த பிறகு போட்டால்தான் கோல் கணக்கில் சேரும்' என்று இன்னொரு நாள் சொல்லுங்கள். நாலு பேர் சதுரமாக நின்று பந்தைக் கைமாற்ற, நடுவில் இரண்டு பேர் அதைப் பறிக்க ஓடட்டும். பத்தே நிமிஷம். பந்தை வைத்திருப்பவளுக்கு எப்போதும் இரண்டு பக்கமும் வழி இருக்க வேண்டும், அதாவது மூவரும் ஒரு முக்கோணமாக நிற்க வேண்டும் என்பது வாயால் சொல்லாமலே புரிந்து விடும்.

கொடுக்கிறவள் கற்க வேண்டியதும் உண்டு. பந்து காலுக்கு வருவதற்கு முன்பே தலையைத் தூக்கி ஒரு முறை சுற்றிப் பார்த்து விட வேண்டும். வந்த பிறகு பார்க்கத் தொடங்கினால் அதற்குள் எதிராளி வந்து நிற்பாள். தோழி இடது கால்காரியா, வலது கால்காரியா என்று தெரிந்திருக்க வேண்டும். ஓடுகிறவளுக்குப் பந்தைக் காலடியில் கொடுத்தால் அவள் நின்று திரும்ப வேண்டும். இரண்டடி முன்னால் கொடுத்தால் ஓட்டம் குறையாமல் போவாள். நிற்கிறவளுக்குக் காலில், ஓடுகிறவளுக்கு முன்னால்.

இனி, உங்கள் பெண்ணின் பங்கு. மன்னிக்க வேண்டும், சகோதரி! குற்றம் முழுவதும் மற்றவர்களுடையது என்று நான் எழுதினால் உங்களுக்குச் சந்தோஷமாக இருக்கும். உங்கள் பெண்ணுக்கு உபயோகமாக இராது.

ஓரத்தில் நிற்கும் பெண்கள் சாதாரணமாகச் செய்யும் பிசகு ஒன்று உண்டு. எதிராளியின் முதுகுக்குப் பின்னால் அவள் நிழல் போல நின்று கொண்டு, 'கொடு! கொடு!' என்று கத்துவார்கள். கொடுக்கிறவள் கண்ணுக்கு இவள் தெரியவே மாட்டாள். நடுவில் ஒரு ஆள் சுவர் மாதிரி நிற்கிறாள். நாலடி பக்கவாட்டில் நகர்ந்தால் போதும், வழி திறந்து விடும். பந்து வைத்திருப்பவளின் கண்ணும் தன் கண்ணும் சந்திக்கிறதா என்று பார்க்க வேண்டும். சந்திக்காவிட்டால் நிற்கும் இடம் தப்பு.

அடுத்தது, போக்குக் காட்டுவது. பந்து வேண்டுமானால் முதலில் வேண்டாதது போல விலகிப் போக வேண்டும். காவல்காரி கூடவே வருவாள். சட்டென்று திரும்பிப் பந்தை நோக்கி வந்தால் இரண்டு கஜ இடைவெளி கிடைக்கும். அந்த இரண்டு கஜம் போதும். வாங்கும்போது உடம்பு கோல் பக்கம் பாதி திரும்பியிருக்க வேண்டும். பந்துக்கு அருகில் இருக்கும் காலால் வாங்காமல் தூரத்துக் காலால் வாங்க வேண்டும். அப்படி வாங்கினால் முதல் தொடுதலிலேயே முன்னால் போகலாம். இல்லாவிட்டால் கோலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வாங்கி, வந்தவளிடமே திருப்பிக் கொடுக்க வேண்டியதுதான். இதற்கு மைதானம்கூட வேண்டாம். காம்பவுண்டுச் சுவரும் ஒரு பந்தும் போதும். சுவரில் உதைத்துத் திரும்பி வருவதைத் தூரத்துக் காலால் வாங்கட்டும். தினம் 15 நிமிஷம். பக்கத்து வீட்டு மாமியிடம் மட்டும் முன்கூட்டியே சொல்லி வைத்து விடுங்கள்.

ஆஃப்சைடு என்று விசில் ஊதி விடுகிறார்களே என்று பயப்படுகிறாளா? அந்தச் சட்டம் பூதம் அல்ல. பந்தை உதைக்கும் அந்தக் கணத்தில், வாங்குகிறவள் எதிராளியின் பாதியில் இருக்கிறாளா, பந்துக்கும் முன்னால் இருக்கிறாளா, எதிர்ப் பக்கத்தின் கடைசியிலிருந்து இரண்டாவது ஆளுக்கும் முன்னால் இருக்கிறாளா - இந்த மூன்றும் சேர்ந்தால்தான் அது ஆஃப்சைடு. 1925-க்கு முன்பு முன்னால் மூன்று எதிராளிகள் இருக்க வேண்டும் என்று இருந்தது. அதை இரண்டாகக் குறைத்த பிறகு கோல்கள் பெருகின. இதிலிருந்து உங்கள் பெண்ணுக்கு இரண்டு வரப்பிரசாதங்கள். ஒன்று, ஓரக் கோட்டிலிருந்து கையால் எறியும் பந்தை நேரடியாக வாங்கினால் ஆஃப்சைடு கிடையாது. அந்தச் சமயத்தில் எவ்வளவு முன்னால் வேண்டுமானாலும் போய் நிற்கலாம். இரண்டு, அவள் ஓரமாகவே ஓடிக் கோல் கோடு வரை போய்ப் பந்தைப் பின்னோக்கித் தரையோடு தள்ளினால், பந்துக்குப் பின்னால் இருக்கும் தோழிகள் யாருமே ஆஃப்சைடு ஆக முடியாது. அவர்கள் கோலைப் பார்த்துக் கொண்டே ஓடி வருவார்கள். எதிராளிகளோ தங்கள் கோலைப் பார்த்துக் கொண்டு பின்னால் ஓடுவார்கள். உயரத் தூக்கி அடிக்கும் பந்தைவிட இது அபாயமானது. ஓரத்துக்காரியின் ஆயுதம் இதுதான்.

இப்போது உங்கள் வீட்டுக்காரரின் கேள்விக்கு வருகிறேன். 'இதனால் என்ன பிரயோஜனம்?' நியாயமான கேள்விதான். கடலூர்ப் பக்கத்திலிருந்து வந்த இந்துமதி கதிரேசன் நடுக்களத்தில் ஆடித் தேசியக் கோஷ்டியில் இடம் பெற்றார். தமிழ்நாடு போலீசில் சப்-இன்ஸ்பெக்டராகவும் ஆனார். 2020-இல் கொரோனா ஊரடங்கின்போது சென்னை வீதிகளில் காவல் பணியில் நின்றவர் அவர். தமிழ்நாட்டுப் பெண்கள் கோஷ்டி 2018-இல் கட்டாக்கில், எத்தனையோ முறை கோப்பை வென்ற மணிப்பூரை 2-1 என்று தோற்கடித்து முதல் முறையாகத் தேசியப் பட்டம் பெற்றது. 2019-இல் மதுரை சேது கால்பந்துக் கழகம் இந்தியப் பெண்கள் லீக்கை வென்றது. 2023-இல் அமிர்தசரஸில் ஹரியானாவை வென்று தேசியப் பட்டம் மறுபடியும் தமிழ்நாட்டுக்கு வந்தது. விளையாட்டில் சாதித்தவர்களுக்குத் தமிழக அரசு வேலைகளில் 3 சதவீத ஒதுக்கீடும் இருக்கிறது.

ஆனால் இவற்றைக் காட்டி உங்களை மயக்க எனக்கு விருப்பமில்லை. ஆடுகிற எல்லாப் பெண்களும் இந்துமதி ஆகி விட மாட்டார்கள். பத்தாம் வகுப்பையும் யாரும் தள்ளிப் போட முடியாது. பரீட்சை மாதத்தில் பந்தயத்தைக் குறைத்துக் கொள்ளட்டும், அதில் தவறில்லை. நான் ஆட்சேபிப்பது வேறு காரணத்தை. 'உனக்குப் பந்து வரவில்லை, ஆகவே வீட்டுக்கு வந்து விடு' என்று 14 வயதுப் பெண்ணிடம் சொன்னால், அவள் அதை மைதானத்தோடு விட்டு விட மாட்டாள். நாளைக்கு வகுப்பில் யாரும் தன்னைக் கேட்கவில்லை என்றாலும், ஆபீசில் தன் யோசனைக்கு யாரும் காது கொடுக்கவில்லை என்றாலும், ஒதுங்கி விடுவதே வழி என்று நினைப்பாள். நாலடி நகர்ந்து, கண்ணில் படும்படி நின்று, 'இதோ நான் இருக்கிறேன்' என்று கையைக் காட்டக் கற்றுக் கொள்ள இந்த மைதானத்தைவிடச் சௌகரியமான இடம் எங்கே கிடைக்கும்? இங்கே தோற்றால் ஒரு கோல்தான் நஷ்டம்.

இனி நீங்கள் செய்யக் கூடியது ஒன்று இருக்கிறது. வருகிற ஞாயிறு டிபன் டப்பாவோடு ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்துக் கொண்டு போங்கள். பக்கத்தை மூன்று பத்தியாகக் கோடு போடுங்கள். அவள் காவலில்லாமல் நின்றாள், பந்தும் வந்தது - இது முதல் பத்தி. காவலில்லாமல் நின்றாள், பந்து வரவில்லை - இரண்டாவது. எதிராளியின் நிழலில் நின்றாள் - மூன்றாவது. ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு. மூன்று வாரம் இப்படிச் செய்யுங்கள். மூன்றாவது பத்தி நிறைந்திருந்தால், வேலை உங்கள் பெண்ணுக்கு. இரண்டாவது நிறைந்திருந்தால், நோட்டை எடுத்துக் கொண்டு பயிற்சி கொடுக்கும் ஆசிரியரிடம் போங்கள். 'என் பெண்ணை ஆட விடுங்கள்' என்று கெஞ்ச வேண்டியதில்லை. 'இத்தனை முறை இங்கே வழி திறந்திருந்தது. கோஷ்டி உபயோகித்துக் கொள்ளவில்லை' என்று சொல்லுங்கள். நல்ல ஆசிரியராக இருந்தால் நோட்டைக் கையில் வாங்கிப் பார்ப்பார்.

வீடு திரும்பும்போது, 'இன்றைக்கு எத்தனை கோல் போட்டாய்?' என்று கேட்காதீர்கள். 'எத்தனை முறை வழி திறந்து நின்றாய்?' என்று கேளுங்கள். அவள் விரல் விட்டு எண்ணத் தொடங்குவாள். பஸ் பூந்தமல்லியிலிருந்து அம்பத்தூர் வந்து சேரும் வரை அந்தப் பேச்சு தாங்கும்.

மற்ற வாசகிகளுக்கும் ஒரு வார்த்தை. அடுத்த முறை மைதானத்திலோ டெலிவிஷனிலோ கால்பந்து பார்க்க நேர்ந்தால், ஐந்தே ஐந்து நிமிஷம் பந்தைப் பார்க்காமல் இருந்து பாருங்கள். பந்து இல்லாத ஒரு பெண்ணை மட்டும் கண்ணால் பின்தொடருங்கள். எங்கே போகிறாள், ஏன் நிற்கிறாள், யாரைப் பார்க்கிறாள் என்று கவனியுங்கள். பார்த்ததை எனக்கு எழுதுங்கள். இதே பகுதியில் பேசுவோம்.